மாணவர் இணையத்தில் கூடி எழுத: பள்ளி நிர்வாகத்தின் இசைவைப் பெறுவதற்கு ஒரு வழிகாட்டி

ஒரே ஆவணத்தை ஐந்து மாணவர்கள் ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம், ஆசிரியர் தம் இருக்கையிலிருந்தே அதைக் கவனிக்கலாம் என்று ஆர்வத்துடன் விளக்கும் புதிய ஆசிரியருக்குப் பெரும்பாலான முதல்வர்கள் தரும் பதில் "பார்க்கலாம் சார்" என்பதுதான். அந்தப் பதிலுக்கு "வேண்டாம்" என்று பொருள் என்பது சில வாரங்கள் கழித்தே அவருக்கு விளங்கும். உடனே அவர், நிர்வாகத்துக்குத் தொழில்நுட்பம் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த முடிவு பெரும்பாலும் தவறு. மாணவர் வருகை, கட்டணம், தேர்வு மதிப்பெண் அனைத்தையும் கணினியில் வைத்திருக்கும் நிர்வாகத்துக்குக் கணினியைக் கண்டு அச்சம் இருக்க முடியாது. "ஏதாவது நடந்துவிட்டால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?" என்ற ஒரே கேள்விதான் முதல்வரின் மனத்தில் ஓடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை இல்லாத விண்ணப்பம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் மேசை இழுப்பறைக்குள்தான் போகும். ஆகவே கீழே சொல்லப்படும் படிகள் யாவும் அந்த விடையை ஆயத்தம் செய்வதற்கானவை. தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளையும் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளிகளுக்கு மாறுபடும் இடங்களைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன்.

யாரிடம், எப்போது கேட்பது

தனியார் பள்ளிகளில் பாடம் சார்ந்த முடிவுகளை முதல்வர் எடுத்தாலும், பணமும் பெற்றோர் புகாரும் சம்பந்தப்பட்ட எதையும் தாளாளரைக் கேட்காமல் அவர் முடிவு செய்வதில்லை. உங்கள் விண்ணப்பத்தைத் தாளாளரிடம் எடுத்துச் செல்லப்போவது முதல்வர்தான். அந்த அறையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். எனவே, நீங்கள் உடனிருந்து விளக்காமலேயே படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு தாளாக அது இருக்க வேண்டும்.

முதல்வருக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியவர் கணினிப் பயிற்றுநர். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு வசதியும் அவருக்குக் கூடுதல் வேலை. கணக்குகளைத் திறப்பது, மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித் தருவது, ஆய்வகத்தை ஒழித்துத் தருவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். முதல்வர் உங்கள் தாளைப் படித்தவுடன் அவரைத்தான் அழைத்துக் கேட்பார். "எனக்கு ஒன்றும் தெரியாது சார்" என்று அவர் சொல்லிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்தது.

அரசுப் பள்ளியில் நிலைமை வேறு. பள்ளியின் பெயரில் இணையக் கணக்குத் திறப்பதைத் தலைமையாசிரியர் தம் பொறுப்பில் மட்டும் செய்ய விரும்பமாட்டார். மேலதிகாரியின் அனுமதியை அவர் எதிர்பார்ப்பது இயல்பே. அங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இணையமே தேவைப்படாமல் ஆய்வகத்துக்குள்ளேயே இயங்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பது. அதைப் பின்னர் விளக்குகிறேன். மற்றொன்று, பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் பொருளாக வைப்பது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். அவர்களே நிறைவேற்றிய தீர்மானம் பதிவேட்டில் இருக்கும்போது, பின்னால் வரும் புகாருக்குத் தலைமையாசிரியர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டிய நிலை வராது.

காலமும் முக்கியம். ஜூனில் சேர்க்கையும் பாடநூல் விநியோகமும் நடக்கும். ஜனவரிக்குப் பிறகு திருப்புதல் தேர்வுகளைத் தவிர வேறு பேச்சு யார் காதிலும் விழாது. முதல் இடைப்பருவத் தேர்வு முடிந்து காலாண்டுத் தேர்வு தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்களே ஏற்றவை. வகுப்பு எட்டு அல்லது ஒன்பதாக இருக்கட்டும். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் பெயரளவில்கூடக் குறிப்பிட வேண்டாம்.

கருவியைக் கேட்காமல் பாடத்தைக் கேளுங்கள்

"மாணவருக்கு இணையக் கூட்டுப்பணிக் கருவிகளை அனுமதிக்க வேண்டும்" என்று கேட்டால், நிர்வாகத்தின் கண்ணில் படுவது எல்லையற்ற ஒரு வெளி. "ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவர்கள் பள்ளியைச் சுற்றியுள்ள நீர்நிலைகளைப் பற்றிய அட்டவணையையும் அறிக்கையையும் நான்கு பாடவேளைகளில் கணினி ஆய்வகத்தில் சேர்ந்து எழுதுவார்கள்" என்று கேட்டால், கண்ணில் படுவது ஒரு வகுப்பறை. இரண்டுக்கும் தேவைப்படும் மென்பொருள் ஒன்றே.

இந்த எடுத்துக்காட்டையே சற்று விரித்துப் பார்ப்போம். ஏரி, குளம், பொதுக்கிணறு, ஆழ்துளைக் கிணறு என ஒவ்வொரு குழுவும் தான் வாழும் தெருவுக்கு அருகில் உள்ளவற்றைப் பார்த்தும் பெரியவர்களிடம் கேட்டும் குறித்துக்கொண்டு வருகிறது: எப்போது வற்றும், யார் பயன்படுத்துகிறார்கள், தூர்வாரியது எப்போது. பின்னர் எல்லாக் குழுக்களும் ஒரே அட்டவணையில் தத்தம் வரிகளை நிரப்புகின்றன. அடுத்த குழு எழுதிய விவரம் தம்முடையதுடன் முரண்பட்டால் அந்தக் கட்டத்திலேயே குறிப்பு இட்டுக் கேட்கின்றன. நாற்பது பேரின் தகவல் ஒரே பாடவேளையில் ஓரிடத்தில் சேர்வது நோட்டுப்புத்தகத்தில் நடக்காத காரியம். அங்கே குழுவின் நோட்டு எப்போதும் அன்று விடுப்பில் இருக்கும் மாணவரின் வீட்டில்தான் இருக்கும்.

நிர்வாகத்திடம் பேசும்போது இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. பள்ளிகளில் இன்று செயல்திட்டம் என்ற பெயரில் வரும் தாள்களில் எத்தனை மாணவர் எழுதியவை, எத்தனை பெற்றோர் எழுதியவை, எத்தனை பிரவுசிங் சென்டரில் அச்சடித்து வாங்கியவை என்பது எல்லோரும் அறிந்த, யாரும் பேசாத செய்தி. குழுவாகச் செய்த பணியிலும் ஒருவர் எழுத நால்வர் மதிப்பெண் வாங்குவார்கள். கூகுள் டாக்ஸ் போன்ற கருவியில் உள்ள பதிப்பு வரலாறு, எந்தக் கணக்கிலிருந்து எந்த வரி எந்த நேரத்தில் எழுதப்பட்டது, எது அழிக்கப்பட்டது என்பதைக் காட்டிவிடும். வளரறி மதிப்பீட்டுக்கோ (பாடம் நடக்கும்போதே அவ்வப்போது செய்யும் மதிப்பீடு) செயல்திட்டத்துக்கோ ஏற்கெனவே மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கும் வகுப்பானால், "கூடுதல் வேலை ஏதும் இல்லை, இருக்கும் மதிப்பெண்ணை நேர்மையாக வழங்க ஒரு வழி கேட்கிறேன்" என்று சொல்ல முடியும். நான் அறிந்தவரை முதல்வர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் வாசகம் இதுதான்.

தமிழ்த் தட்டச்சை மறந்துவிடக் கூடாது. மாணவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையோ ஒலிபெயர்ப்பு முறையோ பழகியிராவிட்டால் முதல் பாடவேளை அதிலேயே கழியும். அதைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். வினாத்தாள் அடிக்க வானவில் போன்ற பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்தும் பள்ளிகள் இன்னும் உள்ளன. அவற்றில் அடித்ததை இணைய ஆவணத்தில் ஒட்டினால் எழுத்துகள் குழம்பிப்போகும். செய்து காட்டும் நாளில் முதல்வர் முன்னிலையில் இது நிகழ்ந்தால் நன்றாக இராது. ஆய்வகக் கணினிகளில் யூனிகோடுத் தட்டச்சு (எல்லாக் கணினியிலும் இணையத்திலும் எழுத்து மாறாமல் தெரியும் முறை) இயங்குகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கருவியும் அதன் பூட்டுகளும்

மாணவரின் சொந்த ஜிமெயில் கணக்கில் எதையும் தொடங்காதீர்கள். அந்தக் கணக்கின்மீது பள்ளிக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதிகாரம் இல்லாத இடத்தில் பொறுப்பை மட்டும் ஏற்க எந்த நிர்வாகமும் முன்வராது. கூகுள் ஒர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷனின் அடிப்படைப் பதிப்பும், மைக்ரோசாஃப்ட் 365 எஜுகேஷனின் ஏ1 பதிப்பும் தகுதியுள்ள பள்ளிகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பள்ளிக்குச் சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதாவது பள்ளிக்கே உரிய இணைய முகவரிப் பெயர், வேண்டும்; கல்வி நிறுவனம் என்பதை நிறுவும் ஆவணங்களும் கேட்கப்படும். பள்ளிக்கு ஏற்கெனவே இணையதளம் இருந்தால் டொமைன் இருக்கிறது என்றே பொருள், ஆனால் அதன் கடவுச்சொல் இணையதளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரிடம் மட்டும் இருப்பதும் உண்டு. அதைக் கேட்டு வாங்குவதற்கே சில வாரங்கள் பிடிக்கலாம்.

கணக்கைத் திறப்பதைவிட எதையெல்லாம் மூடி வைப்பது என்பதே நிர்வாகத்துக்கு முக்கியம். கூகுளின் நிர்வாகப் பக்கத்தில் மாணவர்களைத் தனிப் பிரிவாக வைத்து, பள்ளிக்கு வெளியே உள்ள எவருடனும் ஆவணத்தைப் பகிர முடியாதபடி அடைக்கலாம். சாட் வசதியை முழுவதும் நிறுத்தலாம். மின்னஞ்சலை நிறுத்தலாம், அல்லது பள்ளிக்குள் மட்டும் செல்லும்படி கட்டுப்படுத்தலாம். பயனர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்று குறித்துவிட்டால் பல சேவைகள் தாமாகவே கட்டுப்படும். டாக்ஸ், ஷீட்ஸ், கிளாஸ்ரூம் முதலியவை முதன்மைச் சேவைகள். அவற்றில் விளம்பரம் காட்டப்படுவதில்லை. யூடியூப் அந்தப் பட்டியலில் இல்லாத கூடுதல் சேவை என்பதால், தொடக்கத்தில் அதை அணைத்து வைப்பதே நல்லது.

இணையமே கூடாது என்று கருதும் நிர்வாகமும் உண்டு. அரசுப் பள்ளியின் நிலையையும் மேலே சொன்னேன். அத்தகைய இடங்களுக்கு ஈதர்பேட் என்ற திறமூல மென்பொருள் (மூல நிரல் எவரும் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்டது) பொருந்தும். ஆய்வகத்தின் ஒரு கணினியில் அதை நிறுவினால், அதே வலைப்பின்னலில் உள்ள மற்றக் கணினிகளின் உலாவியில் அது திறக்கும். வெளி இணைப்பும் கணக்கும் தேவையில்லை. ஒவ்வொருவர் எழுதுவதும் ஒவ்வொரு நிறத்தில் தோன்றும். எழுத்து வளர்ந்த விதத்தைப் பின்னோக்கி ஓட்டியும் பார்க்கலாம். ஒரு குறை உண்டு: நிறுவியபடியே விட்டால் எந்த மாணவரும் எந்தப் பெயரையும் இட்டுக்கொள்ள முடியும். ஆகவே யார் எந்தக் கணினியில் அமர்ந்தார் என்ற இருக்கைப் பதிவேடு கட்டாயம் தேவை.

அச்சங்களை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்

நிர்வாகம் எழுப்பப்போகும் ஐயங்களை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. "வீட்டில் கைப்பேசி கொடுக்காதீர்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இப்போது நீங்களே கேட்கிறீர்களே" என்ற பெற்றோரின் கேள்வி நிச்சயம் வரும். முதல் பருவத்தில் வீட்டுப்பாடமே கிடையாது, எல்லாப் பணியும் ஆய்வகத்தில் பள்ளி நேரத்தில் என்று வரையறுத்துவிட்டால் அந்தக் கேள்வி எழவே இடமில்லை. வீட்டில் கணினி இருக்கும் மாணவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான வேறுபாடும் இதனால் வெளியே தெரியாது.

மாணவர் ஒருவர் மற்றவரை இழிவாக எழுதிவிட்டால் என்ன செய்வது என்ற ஐயம் நியாயமானது. "எங்கள் பிள்ளைகள் அப்படிச் செய்யமாட்டார்கள்" என்று அதற்குப் பதில் சொல்லாதீர்கள். செய்வார்கள். கழிப்பறைச் சுவரிலும் மேசையிலும் எழுதுகிறவர்கள் இங்கும் எழுதுவார்கள். சுவரில் எழுதியவர் யாரென்று தெரியாது, இங்கே தெரியும் என்பதே வேறுபாடு. கணக்கின் பெயராக மாணவரின் பெயரும் சேர்க்கை எண்ணும் இருக்க வேண்டும், புனைபெயர் கூடாது.

சட்டம் பற்றிய கேள்வி இப்போது கூடுதலாக வருகிறது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாத எவரையும் குழந்தையாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமையில் தவறினால் தண்டத்தொகை 200 கோடி ரூபாய் வரை போகலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இந்தத் தொகையைக் கேட்டதும் தாளாளர் திகைக்கலாம். ஆனால் இந்தச் சட்டமே உங்கள் பக்கம் பேசும். பெரும்பாலான பள்ளிகளில் வகுப்புவாரியாக வாட்ஸ்அப் குழுக்கள் ஏற்கெனவே உள்ளன. அவற்றில் ஒவ்வொரு பெற்றோரின் கைப்பேசி எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிகிறது, குழந்தைகளின் படங்கள் எங்கெங்கோ முன்னனுப்பப்படுகின்றன, பள்ளியால் எதையும் திரும்பப் பெற முடிவதில்லை. அதனுடன் ஒப்பிட்டால், பள்ளியின் கட்டுப்பாட்டில் உள்ள மூடிய கணக்கே பாதுகாப்பானது. இதைக் குற்றச்சாட்டின் தொனியில் சொல்லிவிடாதீர்கள், அந்தக் குழுக்களைத் தொடங்கச் சொன்னவரே உங்கள் எதிரில் அமர்ந்திருக்கக்கூடும்.

மின்வெட்டு, இணையத் தடை ஆகியவற்றுக்கு ஒரு வரி போதும்: அன்று தாளில் எழுதுவோம், மறுநாள் தட்டச்சு செய்வோம். ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நிர்வாகம் வாய்விட்டுக் கேட்காது. ஆனால் தனியார் பள்ளியில் அது மெய்யான அச்சம். நிர்வாகக் கணக்கு இரண்டு பேரிடம் இருக்கும், கடவுச்சொல் ஒட்டிய உறையில் முதல்வரின் அலமாரியில் இருக்கும் என்று நீங்களாகவே எழுதிவிடுங்கள்.

விண்ணப்பம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கீழ்க்கண்டவாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவர்கள், ஆகஸ்ட் மாதத்தில் வாரம் ஒரு பாடவேளை வீதம் நான்கு பாடவேளைகள், கணினி ஆய்வகத்தில், ‘நம் பகுதியின் நீர்நிலைகள்’ என்ற செயல்திட்டத்தைப் பள்ளிக் கணக்கின் வழியாகச் சேர்ந்து எழுத அனுமதி வேண்டுகிறேன். மாணவர் கணக்குகளில் மின்னஞ்சல், சாட், வெளியாருடன் பகிர்தல் ஆகியவை அடைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாடவேளையிலும் நானும் கணினிப் பயிற்றுநரும் உடனிருப்போம். பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் பெற்ற மாணவர்களே பங்கேற்பர். ஒப்புதல் வராதவர்கள் அதே பணியைத் தாளில் செய்வர், மதிப்பெண்ணில் வேறுபாடு இராது. முறைகேடு ஏதேனும் நிகழ்ந்தால் அன்றே தங்களுக்கு எழுத்தில் தெரிவிப்பேன். தாங்கள் எப்போது கூறினாலும் அன்றே கணக்குகள் அனைத்தும் நிறுத்தப்படும். மாத இறுதியில் மாணவர் எழுதிய அறிக்கையையும் என் குறிப்பையும் தங்கள் பார்வைக்கு வைப்பேன்."

இந்த விண்ணப்பத்தில் முதல்வர் மறுமுறை படிக்கும் வரி, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதுதான். திரும்பப் பெற முடியாத அனுமதியைத் தருவதற்கே எவரும் தயங்குவார்கள். பெற்றோருக்கான ஒப்புதல் படிவத்தை இத்துடன் இணையுங்கள். அதைத் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலவழிப் பள்ளியானாலும் தமிழிலும் இருக்கட்டும். பிள்ளையின் எந்த விவரம் எங்கே சேமிக்கப்படும், யார் பார்க்க முடியும், எப்போது அழிக்கப்படும், ஒப்புதலை எப்படித் திரும்பப் பெறுவது என்ற நான்கையும் பாட்டிகூடப் படித்துப் புரிந்துகொள்ளும் நடையில் சொன்னால் போதும்.

செய்து காட்டுதல்

படக்காட்சி ஆயத்தம் செய்து விளக்கவுரை நிகழ்த்த வேண்டாம். முதல்வருக்கே பயன்படும் ஒரு வேலையை அந்தக் கருவியில் செய்யுங்கள். ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலோ, விடுப்பில் உள்ள ஆசிரியர்களுக்குப் பதிலாள் போடும் பட்டியலோ நல்ல தேர்வு. துணை முதல்வரும் இரண்டு ஆசிரியர்களும் தத்தம் மேசையிலிருந்து ஒரே பட்டியலை நிரப்புவதை அவர் ஒருமுறை பார்த்துவிட்டால், பத்து நிமிட விளக்கம் மிச்சம்.

அதன்பின், இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள்: மாணவர் கணக்கு ஒன்றில் நுழைந்து, ஆவணத்தில் தகாத வரி ஒன்றை எழுதி, பிறகு அதை அழித்துவிடுங்கள். பதிப்பு வரலாற்றைத் திறந்து, எழுதியதும் அழித்ததும் எந்தக் கணக்கு என்பதைக் காட்டுங்கள். ஆவணம் முழுவதையும் அழித்து, முந்தைய பதிப்பை மீட்டுங்கள். வெளி முகவரி ஒன்றுக்கு ஆவணத்தைப் பகிர முயன்று, அது மறுக்கப்படுவதைக் காட்டுங்கள். பிறகு நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணக்கை நிறுத்தும் பொத்தானை முதல்வரையே அழுத்தச் சொல்லுங்கள். கருவியின் சிறப்பை எவ்வளவு சொன்னாலும் கிடைக்காத நிம்மதி இந்த ஐந்து நிமிடத்தில் அவருக்குக் கிடைக்கும்.

அனுமதி கிடைத்த பின்

முதல் பாடவேளையில் ஒருவர் எழுதுவதை இன்னொருவர் அழிப்பார், ஒரே எழுத்தை நூறு முறை அடிப்பார், வண்ணம் மாற்றுவார். இதை எதிர்பார்த்து, முக்கியமில்லாத ஒரு ஆவணத்தில் பத்து நிமிடம் விளையாட விட்டுவிடுங்கள். பிறகு பதிப்பு வரலாற்றைத் திரையில் காட்டினால், யார் என்ன செய்தார் என்பது தெரிந்துவிடும் என்ற செய்தி தனியே சொல்லாமலேயே சென்று சேரும். விதிகள் மூன்று போதும்: தன் கணக்கில் மட்டும் எழுத வேண்டும், மற்றவர் வரியை அழிக்காமல் குறிப்பாக இட வேண்டும், கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லக் கூடாது. மூன்றாவது விதி உறுதியாக மீறப்படும், நெருங்கிய தோழிகளுக்கிடையே கடவுச்சொல் பகிர்வது நட்பின் அடையாளம். இருக்கைப் பதிவேடு அப்போது உதவும்.

சிறு தவறுகளையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேலி, மிரட்டல், படத்தைத் தவறாகப் பயன்படுத்தல் போன்ற எதுவானாலும் நீங்களே தீர்த்துவைக்க முயலாமல் அன்றே முதல்வரிடம் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றப் புகார் எண் 1930 ஆகிய இரண்டும் ஆய்வகச் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

மாத இறுதி அறிக்கையில் வெற்றியை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மாணவர் பங்கேற்றனர், எத்தனை பெற்றோர் ஒப்புதல் தரவில்லை, எந்தப் பாடவேளை வீணாயிற்று, என்ன தவறு நடந்து எப்படிக் கையாளப்பட்டது என்பதை எழுதி, மாணவர் ஆக்கத்தை அச்சிட்டு இணையுங்கள். தாளாளர் திரையில் பார்க்கமாட்டார். கையில் கொடுத்தால் புரட்டிப் பார்ப்பார். அடுத்த கோரிக்கையை அப்போதே வைக்கலாம்: இன்னொரு பிரிவு, அல்லது இன்னொரு பாடம். இரண்டையும் சேர்த்துக் கேட்காதீர்கள்.

மறுப்பு வந்தால், எந்தப் பகுதி தயக்கத்தைத் தருகிறது என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் இணையம், மாணவர் கணக்கு, ஆய்வக நேரம் ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். இணையம் என்றால் ஈதர்பேட் இருக்கிறது. மாணவர் கணக்கு என்றால் ஆசிரியர்கள் மட்டும் ஒரு பருவம் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆய்வக நேரம் என்றால் பயிற்றுநருடன் பேசி வாரத்தில் ஒரு நாளைக் கண்டுபிடிக்கலாம். அனுமதியின்றி மாணவர்களைக் கொண்டு தனியே ஒரு குழுவைத் தொடங்குவது மட்டும் வேண்டாம். அது ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால், உங்களுக்குப் பின் வரும் ஆசிரியருக்கும் கதவு அடைபட்டுவிடும்.

திட்டம் தொடர்ந்து நடக்கும் பள்ளிகளில் கடைசியாக ஒரு வேலை எஞ்சுகிறது. பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் செல்லும் மாணவரின் கணக்கு, அவர் போன பிறகும் ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும். மாற்றுச் சான்றிதழ் தருமுன் நூலகத்திலும் ஆய்வகத்திலும் நிலுவை இல்லை என்று கையொப்பம் வாங்கும் தாளிலேயே "இணையக் கணக்கு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மாணவர் தம் ஆக்கங்களைப் பதிவிறக்கிக்கொண்ட பின் கணக்கை நீக்கிவிட்டுப் பயிற்றுநர் அதில் கையொப்பமிடலாம்.